பாண்டியம்மாவின் இடது கன்னம்

மூவாயிரமாவது அறைக்கு மந்தாரம் டிவி கேக் வெட்டியது. கேக்கின் மேல் ஐந்து விரல்கள் பதிந்த ஒரு கன்னத்தைச் சிவப்புக் க்ரீமில் வரைந்திருந்தார்கள். கன்னத்தின் சொந்தக்காரியான இசக்கிசெல்வியையே கத்தியைப் பிடிக்கச் சொன்னார்கள். அவள் வெட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். கையின் சொந்தக்காரியான பிரேமா முதல் துண்டை அவள் வாயில் ஊட்டினாள். சானலின் நிகழ்ச்சித் தலைவி ரேஷ்மி மைக்கைப் பிடித்து, "இது வெறும் அறை அல்ல, கேரளத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் மாலை ஏழரை மணிக்குப் போய்ச் சேரும் ஒரு புன்னகை" என்று பேசினார். கேக் தீர்ந்ததும் மூவாயிரத்தோராவது அறையைப் படம் பிடித்தார்கள். நாள் வீணாகக் கூடாதல்லவா.

'சந்தோஷ விலாசம்' பதினொரு வருடமாக ஓடுகிற நகைச்சுவைத் தொடர். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய வீடு, அதில் ஒரு எஜமானி, எஜமானிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு வேலைக்காரி. எஜமானி பிரேமா. வேலைக்காரியின் பெயர் பாண்டியம்மா. ஒவ்வொரு நாளும் பாண்டியம்மா ஏதாவது ஒன்றைக் கெடுப்பாள். எஜமானி இடது கன்னத்தில் ஒன்று கொடுப்பாள். பாண்டியம்மா கண்ணை உருட்டி, "அம்மே, பொறி பறக்குதே!" என்பாள். பின்னணியில் சிரிப்பொலி. அதோடு விளம்பரம்.

இந்தப் பாத்திரம் பிறந்ததே ஒரு விபத்தில்தான். கழக்கூட்டத்தைத் தாண்டி, ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்த ஷூட்டிங் வீட்டில் இசக்கிசெல்வி தரை துடைக்கும் வேலைக்குத்தான் வந்தாள். ஒரு நாள் வேலைக்காரியாக நடிக்க வேண்டிய பெண் ஹைவே நெரிசலில் மாட்டிக்கொண்டாள். டைரக்டர் ஷிபு சுற்றிலும் பார்த்தான். துடைப்பத்தோடு நின்ற இசக்கிசெல்வியைக் கூப்பிட்டு, கையில் சாயாத் தட்டைக் கொடுத்து, "நடந்து வந்தா மதி, அது போதும்" என்றான். அவள் நடந்து வந்தாள். கேமராவைப் பார்த்ததில் கால் இடற, சாயா முழுவதும் பிரேமாவின் பட்டுச் சேலையில் கொட்டியது. பிரேமாவுக்கு அது சொந்தச் சேலை. உண்மையான கோபத்தில் உண்மையாகவே ஒன்று விட்டாள். யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. ஷிபு மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண் கலங்கி, "டிஸ்கவரி" என்றான்.

அதன் பிறகு எல்லா அறையும் நிஜ அறைதான். சத்தத்தை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாமே என்று ஒரு முறை இசக்கிசெல்வி கேட்டாள். ஷிபு அவளிடம், தமிழ் என்று தானே நம்பிக்கொண்டிருந்த ஒரு மொழியில் விளக்கினான். "சேச்சி, நம்ம ஆடியன்ஸ் ஹை லிட்டரசி ஆணு. கள்ள சத்தம் போட்டா அவங்க கண்டுபிடிக்கும்."

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள காலனியில் பிறந்தவள் இசக்கிசெல்வி. பத்தாம் வகுப்பு வரை மலையாளப் பள்ளியில் படித்தவள். மலையாளத்தில் வகுப்பிலேயே முதல் மார்க். அது பாத்திரத்துக்கு ஒத்துவரவில்லை என்று ஷிபு ஒரு மொழிப் பயிற்சியாளரை வைத்தான். எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் போயே இராத அந்த ஆள் மூன்று வாரம் உட்கார்ந்து, ஒரு தமிழச்சி மலையாளத்தை எப்படித் தப்பாகப் பேசுவாள் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவள் கெட்டிக்காரி. சீக்கிரமே தப்பாகப் பேசப் பழகிவிட்டாள்.

அவளுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். பழவங்காடியில் நடந்தால் பூக்காரி கூப்பிட்டு ஒரு முழம் பிச்சிப்பூ கொடுப்பாள். கோயிலுக்கு வந்தவர்கள் கணபதியை விட்டுவிட்டு இவளோடு படம் எடுத்துக்கொள்வார்கள். புருஷன் செத்து, ஒற்றை ஆளாக மகள் பூமாரியைப் படிக்கவைத்தவளுக்கு நாலு பேர் முகம் பார்த்துச் சிரிப்பது சின்ன விஷயமில்லை.

கேக் வெட்டிய மாதத்திலிருந்துதான் இடது காதில் அரிசி மில் ஓட ஆரம்பித்தது.

முதலில் பூமாரிதான் கவனித்தாள். இடது பக்கம் நின்று பேசினால் அம்மா பதில் சொல்வதில்லை. செட்டிலும் அப்படித்தான். "தட்டை எடு" என்றால் கட்டிலை இழுத்தாள். ஷிபுவும் கவனித்தான். பாண்டியம்மாவுக்குக் காது மந்தம் என்று அன்றைக்கே கதையில் எழுதிச் சேர்த்துவிட்டான். அடி வாங்கியும் காது கேளாமல் இன்னொரு தப்பைச் செய்வாள், அதற்கு இன்னொரு அடி. இரண்டு சிரிப்பு. பார்வையாளர் எண்ணிக்கை ஏறியது.

பூமாரி அவளைக் காது டாக்டரிடம் இழுத்துப் போனாள். இளவயது டாக்டர். பார்த்ததும் எழுந்து நின்று, "அய்யோ, பாண்டியம்மா!" என்று செல்போனை எடுத்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அப்போது அவர் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது.

"செவிப்பறை கிழிஞ்சிருக்கு. உள்ளே நரம்பும் போயாச்சு. இந்தக் காது இனித் திரும்பாது. ஆரு அடிச்சது? வீட்டுக்காரரா?"

"இல்ல சாரே. நீங்க பாக்கதுதான். ஏழரை மணிக்கு."

டாக்டர் விளக்கை அணைத்தார். "அது நிஜமாவா அடிக்கிறாங்க?" என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "எங்க அம்மா அதைப் பார்த்துச் சிரிச்சுச் சிரிச்சு இருமுவாங்க" என்றார். இனி முகத்தில் ஒரு அடிகூடப் படக்கூடாது என்று காகிதத்தில் எழுதி, அடியில் கோடு போட்டுக் கொடுத்தார்.

காகிதத்தை ஷிபு இரண்டு தடவை படித்தான். சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசித்தான். அவன் கெட்டவன் இல்லை என்று யூனிட்டில் எல்லோரும் சொல்வார்கள். மறுநாள் காலை அவள் வந்தபோது ஹால் முழுவதும் இடம் மாறியிருந்தது. சோபா எதிர்ப்பக்கம் போயிருந்தது. பன்னிரண்டு விளக்குகளையும் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சேச்சிக்கு வேண்டியாணு இதெல்லாம்" என்றான் ஷிபு பெருமையாக. "இன்னு முதல் வலது கன்னம்."

இசக்கிசெல்வி வலது காதைக் கையால் பொத்திக்கொண்டாள். "சாரே, எனக்கு இனி அந்த ஒரு காதுதான் இருக்கு."

ஷிபுவின் முகம் சுருங்கியது. "பன்னிரண்டு லைட் சேச்சி. ராத்திரியெல்லாம் பசங்க ஒறங்கல்ல. ஒரு நன்றி வேண்டாமா?"

அவள் மேக்கப் அறைக்குப் போனாள். பிரேமா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ஒரு பெண் அவள் வலது தோளையும் மணிக்கட்டையும் எண்ணெய் விட்டு நீவிக்கொண்டிருந்தாள். அறைகிற கை தேய்ந்துவிடக் கூடாதென்று சானல் இரண்டு வருடமாக பிசியோதெரபிக்கு ஆள் வைத்திருந்தது. கன்னத்துக்கு அப்படி யாரும் இல்லை.

"அக்கா, கொஞ்சம் மெல்ல அடிச்சா என்னா?" என்றாள் இசக்கிசெல்வி.

பிரேமா நீவுகிற பெண்ணை வெளியே அனுப்பினாள். "மெல்ல அடிச்சுப் பாத்தேன் செல்வி. முந்தின வருஷ ஓணத்தப்ப, உனக்கு ஞாபகம் இல்லியா? ஒம்பது டேக் போச்சு. ஒம்பது அடி. அன்னைக்கு முடிவு பண்ணினேன். ஒரே அடியா பலமா அடிச்சா உனக்கு ஒண்ணோட தீரும்." கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் மாட்டேன்னு சொன்னா அடுத்த வாரம் இந்த எஜமானி வேஷத்துல வேற ஒருத்தி நிப்பா. என்னையும் மாத்தத் தெரியுமில்லே அவங்களுக்கு."

அன்று வலது கன்னத்தில் அடி விழவில்லை. இசக்கிசெல்வி செட்டுக்குப் போகாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஷிபு விஷயத்தை மேலே அனுப்பினான்.

மேலே என்றால், சானல் கட்டிடத்தின் ஆறாவது மாடி. அங்கே 'பணியிட நலன் மற்றும் நல்லிணக்கக் குழு' என்று ஒன்று இருந்தது. ஏழு வாரம் கழித்து அவளை அழைத்தார்கள். கண்ணாடி அறை. சுவரில் மகளிர் தின விருதுகள். நீள மேசையில் பழம்பொரியும் சாயாவும். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ரேஷ்மி. அவருக்கு இடது பக்கம் சட்ட அதிகாரி நாகேஸ்வரன், கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர். வலது பக்கம் வெளி உறுப்பினராக ஓய்வுபெற்ற பேராசிரியர் வேலாயுதன். நகைச்சுவை பற்றி ஆயிரம் பக்கம் எழுதியவர், ஒரு பக்கத்திலும் யாரும் சிரித்ததில்லை. மூலையில் ஒரு கேமரா இருந்தது. வெளிப்படைத்தன்மைக்காக என்றார்கள்.

இசக்கிசெல்வி எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் படித்த சுத்தமான மலையாளத்தில் தன் குறையைச் சொன்னாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சேச்சி, இங்கே நடிக்க வேண்டாம்" என்றார் வேலாயுதன் கனிவாக. "சாதாரணமா எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசினா போதும்."

"இதுதான் சாரே நான் சாதாரணமாப் பேசுறது."

நாகேஸ்வரன் ரேஷ்மியின் பக்கம் சாய்ந்தார். அவர் குரலைத் தாழ்த்தினாலும் அவளுடைய வலது காது நன்றாகவே இருந்தது. "யாரோ எழுதிக் குடுத்துப் பாடம் பண்ணி அனுப்பிச்சிருக்கா. வேற சானல்காராளா இருக்கும்."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் தமிழ்தான் வரும். "எவனும் எழுதிக் குடுக்கல்ல. என் காது போச்சு. நான் சொல்லுதேன், ஒங்க மூணு பேருக்கும் மனசிலாவல்லியா?"

மூவரும் சிரித்துவிட்டார்கள். ரேஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸாரி சேச்சி. அந்த டைமிங்!" என்றார். அறை நிம்மதியானது. இப்போதுதான் தெரிந்த ஆள் வந்திருக்கிறாள்.

பிறகு ரேஷ்மி பேசினார். "சேச்சி ஒண்ணு புரிஞ்சுக்கணும். பதினொரு வருஷத்துல இந்த சானல்ல ஒரு ஆண் ஒரு பெண்ணை அடிக்கிற காட்சி ஒண்ணுகூட வந்ததில்ல. அது நம்ம பாலிசி. ஆண் அடிச்சா அது வன்முறை. பெண் பெண்ணை அடிச்சா அது குடும்பம். பெண்களை அடிக்கிற உரிமையை நாம பெண்களுக்கு மட்டும்தான் கொடுத்திருக்கோம். வேற எந்த சானல்ல இது உண்டு?"

நாகேஸ்வரன் ஒப்பந்தத்தைப் புரட்டினார். "இங்க பாருங்கோ. அடின்னு ஒரு எடத்துலயும் இல்லை. 'உடல்வழிப் பாவப் பரிமாற்றம்'னுதான் போட்டிருக்கு. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கேள். அடின்னு ஒண்ணே இல்லாதப்போ அடிபட்டதா எப்படி எடுத்துக்கறது, சொல்லுங்கோ?"

"காது போனதுக்கு டாக்டர் எழுதியிருக்காரே?"

"பரிமாற்றத்துல போயிருக்கும்" என்றார் நாகேஸ்வரன். "பரிமாற்றம்னா ரெண்டு பேருக்கும் பொறுப்பு உண்டு, கேட்டேளா? அந்தம்மாவோட தோள்பட்டை தேஞ்சிருக்கு. அதுக்கு அவா உங்க மேல பராதி குடுத்தாளா?"

வேலாயுதன் தொண்டையைச் செருமினார். "கலையை நாம மேலோட்டமாப் பார்க்கக் கூடாது. பாண்டியம்மாவைப் பார்த்து யாரும் சிரிக்கிறதில்ல. மனுஷன் தன்னையே பார்த்துத்தான் சிரிக்கிறான்."

"சாரு சாரையே பாத்துச் சிரிக்கதுக்கு எனக்கு எதுக்கு சாரே அடி?"

வேலாயுதன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "நல்ல வசனம்" என்றார். பழம்பொரித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

குழுவின் முடிவு பத்து நாளில் வந்தது. கலைஞரின் உணர்வுகளை மதித்து அறையை முழுமையாகச் சீர்திருத்தியிருப்பதாக அதில் இருந்தது. செட்டில் ஒரு கன்ன நல அலுவலர் நியமிக்கப்பட்டார். ஒவ்வொரு அறைக்கும் முன்னால் அவர் ஒரு படிவத்தை நீட்டுவார். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'சம்மதம்' என்றும் மற்றதில் 'மகிழ்ச்சியுடன் சம்மதம்' என்றும் இருந்தது. அறைக்குப் பிறகு சானலின் முத்திரை பொறித்த ஐஸ் பை கொடுக்கப்படும். வலது காதின் பாதுகாப்புக்காக, அறைகள் மறுபடி இடது கன்னத்துக்கே மாற்றப்பட்டன. ஏற்கெனவே போன காதில் புதிதாக எந்த நஷ்டமும் வராது என்பது சட்டப்பிரிவின் கருத்து. பன்னிரண்டு விளக்குகளையும் கழற்றிப் பழைய இடத்தில் மாட்டினார்கள். இறுதி மறுபரிசீலனை ஓணத்துக்குப் பிறகு என்றும் எழுதியிருந்தது. அந்த ஒரு வரிக்காக அவள் செட்டுக்குத் திரும்பிப் போனாள்.

அந்த வாரமே ஒரு விளம்பரத் துணுக்கு வெளியானது. 'பாண்டியம்மையுடெ பராதி', அதாவது பாண்டியம்மாவின் புகார், என்று பெயர். ஆறாவது மாடிக் கேமரா எடுத்தது. கழக்கூட்டத்தில் ஒரு ஐடி கம்பெனியின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் பூமாரி, மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து மேசைக்காரர்கள் செல்போனைச் சுற்றி நின்று சிரிப்பதைப் பார்த்தாள். எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அம்மா, நீ அழுதத எடுத்து, அடியில சிரிப்புச் சத்தம் போட்டிருக்கானுவ."

"நான் அங்கெ அழல்லியே மோளே."

"அழுதிருக்கே. உனக்கே தெரியாம அழுதிருக்கே. ஸ்லோ மோஷன்ல போட்டிருக்கானுவ." பூமாரி செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். "மதியும்மா, போதும். விட்டுட்டு வா."

"ஓணம் கழியட்டும். எழுதித் தந்திருக்காவளே."

ஓணத்துக்கு நகரத்தின் ஒரு பெரிய மைதானத்தில் சானல் மேடை போட்டது. பத்தாயிரம் பேர் கூடினார்கள். பாட்டு, திருவாதிரை ஆட்டம் எல்லாம் முடிந்ததும் இசக்கிசெல்வியைப் பாண்டியம்மா வேஷத்தில் மேடைக்கு அழைத்தார்கள். பிரேமா வரவில்லை. தோள்வலி என்றார்கள். அவளுக்குப் பதிலாக, கசவுச் சேலை கட்டிய ஒரு நடுத்தர வயதுப் பெண் கையில் பூங்கொத்துடன் நின்றாள். சானல் நடத்திய போட்டியில் வென்றவள், ஓய்வுபெற்ற டீச்சர். பரிசு என்ன என்பதை ஷிபு மைக்கில் அறிவித்தான். பாண்டியம்மாவுக்கு ஒரு அடி, நேரில், தன் கையாலேயே.

மைதானம் ஆர்ப்பரித்தது. அந்த அம்மாள் வெட்கத்தோடு இசக்கிசெல்வியிடம் வந்தாள். "எங்க வீட்டில எல்லாரும் உங்க ஃபேன்ஸ். நான் மெதுவா அடிக்கிறேன், கேட்டோ?" என்றாள். உண்மையிலேயே நல்ல பெண்மணி. ஷிபு அவள் காதருகில், "பலமா வேணும் டீச்சரே, பின்னாடி வரைக்கும் கேக்கணும்" என்றான். பெரிய கேமரா மேடையின் வலது பக்கம் இருந்தது. இசக்கிசெல்வியின் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினான். இனி அடி வலது கன்னத்தில்தான் விழும்.

அவள் மைக்கைப் பிடித்தாள். சுத்தமான மலையாளத்தில் சொன்னாள். "எனக்கு இந்த ஒரு காதுதான் கேட்கும். தயவுசெய்து அடிக்காதீங்க."

பத்தாயிரம் பேரும் சிரித்தார்கள்.

"விளையாட்டில்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன்."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் நாற்காலியில் இருந்தே சரிந்துவிட்டார். எங்கே இருந்தோ, "பொறி பறக்கட்டே!" என்று ஒரு குரல். அதையே எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். டீச்சரின் கை உயர்ந்தது.

இசக்கிசெல்வி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

பத்து வீட்டுத் துணியைத் துவைத்துப் பிழிந்த கை அது. பிடித்தால் விடாது. முதலில் சிரித்தார்கள். பிறகு முன்வரிசை நின்றது, பிறகு நடுவரிசை, கடைசியில் மைதானத்தின் மூலை வரை சிரிப்பு ஓய்ந்தது. பதினொரு வருடத்தில் அவளைப் பார்த்து யாரும் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"சேச்சி, வலிக்குது" என்றாள் டீச்சர் மெல்ல.

"தெரியும்" என்றாள் இசக்கிசெல்வி. கையை விட்டாள். மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்துக்கு நடுவே நடந்து, வேஷத்தைக் கலைக்காமலே தம்பானூர் பஸ்ஸில் ஏறினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் படப்பிடிப்பு என்று நினைத்துக் கேமராவைத் தேடினார்கள்.

அவள் காதைப் பற்றிக் கேட்க ஏழு வாரம் எடுத்துக்கொண்ட குழு, டீச்சரின் மணிக்கட்டுக்காக இரண்டு மணி நேரத்தில் கூடியது. திருவோண விடுமுறை நாளில் கூடியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் பார்வையாளருக்கு எதிரான வன்முறையைச் சானல் ஒருபோதும் பொறுத்துக்கொள்ளாது என்று ரேஷ்மி உணர்ச்சிவசப்பட்டு ஒரு வீடியோ வெளியிட்டார்.

மூன்றாம் நாள் நாகேஸ்வரன் காலனிக்கு வந்தார். சாக்கடையைத் தாண்டுவதற்கு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார், மறு கையில் ஃபைல். விலகல் படிவம் என்றார்.

"நானா விலகுதேன்? நீங்க எல்லாருமாச் சேந்து அடிச்சு வெளிய தள்ளினீங்க."

"அதெல்லாம் ஒண்ணும் எழுத வேண்டாம். காரணத்துக்கு நேரா ஒரு டிக் போட்டா போரும். கல்யாணம் இருக்கு, வெளிநாடு இருக்கு, மேல்படிப்பு இருக்கு, ஆன்மீகம் இருக்கு. இது இருந்தாத்தான் இன்னொரு சானல்ல உங்களை எடுத்துப்பா."

"அடிச்சதுன்னு எங்கெ இருக்கு?"

"அப்படி ஒரு காரணமே ஃபார்ம்ல இல்லையே" என்றார் நாகேஸ்வரன். அவருக்கு அது உண்மையாகவே வருத்தமாக இருந்தது போலத் தெரிந்தது.

அவள் பேனாவை வாங்கினாள். நான்கு கட்டங்களுக்கும் கீழே தானே ஒரு கட்டம் போட்டாள். அதற்கு நேராக மலையாளத்தில், முதல் மார்க் வாங்கிய கையெழுத்தில், 'மூவாயிரத்துக்கும் மேலே அடித்தார்கள், காது போயிற்று, சொன்னால் சிரித்தார்கள்' என்று எழுதி டிக் போட்டாள். நாகேஸ்வரன் அதைப் படித்தார். "இது செல்லாது" என்று ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் பத்திரிகைச் செய்தி வந்தது. நாற்பத்தாறு வயது இசக்கிசெல்வி மேல்படிப்புக்காகத் தொடரிலிருந்து விலகுகிறார், சானல் அவரை வாழ்த்துகிறது.

தொடரில் பாண்டியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனாள். படத்துக்கு மாலை போட்டு, எஜமானி தேம்பி அழுதாள். பதினொரு வருடத்தில் அதிகம் பேர் பார்த்த நாள் அதுதான். பழவங்காடியில் பூக்காரி இசக்கிசெல்வியைக் கட்டிப்பிடித்து அழுதாள். "உயிரோட இருக்கியா அக்கா? நேத்து முழுக்க நான் சோறு திங்கல்ல."

பிறகு இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மற்ற சானல்கள் விலகல் படிவம் கேட்டன. அவள் பழைய வீடுகளில் பாத்திரம் கழுவப் போனாள். அப்போதுதான் பூமாரி செல்போனில் ஒரு அறிவிப்பைக் காட்டினாள். பாண்டியம்மாவின் தங்கையாக நடிக்கப் புதுமுகம் தேவை, தமிழ் முகம் அவசியம், பொறுமை விரும்பத்தக்கது. வியாழக்கிழமை காலை, கழக்கூட்டம் ஷூட்டிங் வீடு.

வியாழக்கிழமை இசக்கிசெல்வி அந்த வீட்டின் கேட்டுக்கு வெளியே போய் நின்றாள்.

முப்பது, நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். ஹோட்டலில் காய் நறுக்குகிறவர்கள், கட்டிட வேலைக்குக் கல் சுமக்கிறவர்கள், துணிக்கடையில் நிற்கிறவர்கள். எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவளைக் கண்டு முதலில் பயந்தார்கள், பிறகு சூழ்ந்துகொண்டார்கள். அவள் ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். நிஜமான அடி, தினமும் அடி, இந்தப் பக்கத்துக் காது எனக்குக் கேக்காது. சிலர் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்கள். சிலர் நம்பவில்லை. போட்டிக்கு ஆளைக் குறைக்கப் பார்க்கிறாள் என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்.

கடைசியில் ஒரு மெலிந்த பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். பெயர் ஜெபக்கனி, வள்ளியூர்ப் பக்கம், தம்பானூரில் ஒரு லாட்ஜில் போர்வை துவைக்கிறாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை அடிக்கா?" என்றாள்.

"ஒண்ணு. செரியா வரல்லன்னா எட்டு, ஒம்பது."

ஜெபக்கனி யோசித்தாள். "எங்க வீட்டுல கணக்கே கெடையாதுக்கா. அடிச்சுட்டுப் பேசாமப் போயிருவான். இங்கென்னா ஐஸ் வச்சு விடுவாவளாம்லா?"

கேட் திறந்தது. ஜெபக்கனி உள்ளே போய்விட்டாள்.

இசக்கிசெல்வி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாள். பிறகு கேட்டைத் தள்ளினாள். செக்யூரிட்டி தாசையன் ஓடிவந்து குறுக்கே நின்றான். பதினொரு வருடமாக அவளுக்குக் கேட் திறந்துவிட்டவன்.

"அக்கா, மன்னிச்சிருங்க. உங்கள உள்ள விடப்பிடாதுன்னு ஆர்டர். கதப்படி நீங்க செத்தாச்சு."

"செத்தவள எப்படிடே தடுப்பே?" என்றாள் அவள். அவன் கையை எடுத்துவிட்டு நடந்தாள்.

ஹாலில் பன்னிரண்டு விளக்குகளும் எரிந்தன. தரையில் சாக்பீஸ் குறியிட்ட இடத்தில் ஜெபக்கனி கையில் சாயாத் தட்டோடு நின்றாள். கன்ன நல அலுவலர் படிவத்தை வாங்கிக்கொண்டு விலகினார். பிரேமா எதிரே நின்றாள். ஷிபு "ஆக்‌ஷன்" என்றான். பிரேமாவின் கை மேலே போனது. ஜெபக்கனி கண்ணை மூடவில்லை. பழக்கப்பட்டவள் மாதிரி முகத்தை லேசாகச் சாய்த்துக் கொடுத்தாள்.

இசக்கிசெல்வி இருவருக்கும் நடுவே போய் நின்றாள். பிரேமாவின் முகத்தையே பார்த்தாள்.

ஷிபு 'கட்' சொல்லவில்லை. நல்லதாக ஏதாவது கிடைக்கும் என்று கேமராவை ஓட விட்டான். உயர்ந்த கை அப்படியே நின்றது. அதை எங்கே இறக்குவதென்று பிரேமாவுக்குத் தெரியவில்லை. பிறகு இறக்கினாள். தோளைத் தடவிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்த் தன் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"சேச்சி, இது அதிக்கிரமம் ஆணு" என்றான் ஷிபு. "ஞான் கமிட்டியில் பராதி கொடுக்கும்."

"குடு. நல்லாச் சிரிப்பாவ" என்றாள் இசக்கிசெல்வி. ஜெபக்கனியின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். "வா" என்றாள். ஜெபக்கனி அவள் பின்னாலேயே நடந்தாள்.

அன்று ஷூட்டிங் நடக்கவில்லை. மறுநாள் நடந்தது. ஜெபக்கனி அதில் இல்லை.